பூஜ்ஜியப் பாத்தி

பர்காவில் கடல் நான்கு கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது.
ஆனாலும் மண்ணுக்கடியில் நடந்து வந்து
எங்கள் கிணற்றுக்குள் உட்கார்ந்துகொண்டது.
லிட்டருக்கு மூன்று கிராம் உப்பு.

பன்னிரண்டு பாத்தி காராமணி.
நான்குக்கு விதைக்கும்போதே பொட்டாஷ், முழு அளவு.
நான்குக்குப் பாதி.
நான்குக்கு ஒன்றுமில்லை.
ஜூன் பதினெட்டிலிருந்து எல்லாவற்றுக்கும்
தண்ணீர் கால் பங்கு.
இனி நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.
அதற்குத்தான் சம்பளம்.

இலையின் அடிப்புறம் முழுக்க வாய்கள்,
கண்ணுக்குத் தெரியாதவை.
ஒரு வாய்க்கு இரண்டு உதடு.
பொட்டாசியம் உள்ளே போனால் உதடு உப்பும், வாய் திறக்கும்.
வெளியேறினால் தளர்ந்து மூடும்.
அது பற்றாத இலைக்கு மூடத் தெரியாது.
உச்சி வெயிலிலும் அரைவாயைத் திறந்துவைத்து
இருக்கிற ஈரத்தையும் பேசியே தீர்த்துவிடும்.

பன்னிரண்டரைக்கு எங்களையும் மூடுகிறது சட்டம்.
மூன்றரை வரை வெயிலில் ஆள் நிற்கக் கூடாது.
வலைக்கொட்டகையில்
செருப்பைத் தலைக்கு வைத்துப் படுப்பான் மொக்லேசுர்.
ஆளுக்கு இரண்டு பொட்டலம், நீரில் கரைத்துக் குடிக்க.
"என்ன எழுதியிருக்கு இதில்?" என்றான் ஒருநாள்.
படித்தேன்:
குளுக்கோஸ், சோடியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு.
"பொட்டாசியமா? பாத்திக்குப் போட்டோமே, அதுவா?"
"அதுதான்."

சொல்லியிருக்கக் கூடாது.

பதினோராம் நாள், ஏழாம் பாத்தி. பூஜ்ஜியம்.
ஓரத்திலிருந்து மூன்றாம் செடி.
இலையைக் கருவியால் கவ்வக் குனிந்தேன்.
அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்,
புழுதியில் ஆரஞ்சு வாசனை,
சர்க்கரைக்கு வந்த எறும்பு வரிசை.

"ஏழில் மட்டும் எறும்பு எப்படி?"
பொறியாளர் ஸுவைனா கேட்டார்.
நான் கருவியைத் துடைத்தேன்.
மொக்லேசுர் சொட்டுக்குழாயில் இல்லாத அடைப்பைக்
குத்திக்கொண்டிருந்தான்.
அவன் உதடு இரண்டிடத்தில் வெடித்திருந்தது.
அதை அவரும் பார்த்தார்.
பேனாவை எடுத்து
ஏழாம் பாத்தியின் மூன்றாம் செடியை
அட்டவணையில் கோடு போட்டு அடித்தார்.
காரணம் எழுதும் கட்டத்தில்: எறும்பு.

கடைசியில், முழு பொட்டாஷ் பாத்திகள்
இலை சுருட்டி நடுப்பகலைக் கடந்து
செடிக்கு ஒன்பது காய் பிடித்தன.
பூஜ்ஜியங்களில் மூன்று, சிலதில் நான்கு.
அவன் ஊற்றிய செடி மற்றவற்றுக்கு முன்பே காய்ந்தது.
அந்தப் பொட்டலத்தில் சோடியமும் உண்டு.
அதை நான் அவனிடம் சொல்லவில்லை.

"தாகம் வந்த பிறகு கொடுத்தால் ஏறாதா?" என்றான்.
"முன்னாலேயே கொடுத்திருக்க வேண்டும்."
என் பொட்டலம் ஒன்றை அவன் பாட்டிலில் கொட்டி
குலுக்கி நீட்டினேன்.
பாதி குடித்து, மூடியைத் திருகினான்.

"ஏழாம் பாத்திக்கு ஒன்றும் வேண்டாம்னு யார் முடிவு பண்ணினது?"
"யாருமில்லை. சீட்டுக் குலுக்கல். கணினி போட்டது."

அது அவனுக்கு உடனே புரிந்தது.
மீதியையும் குடித்தான்.
மூன்றரை. மோட்டார் போடும் சத்தம்.