பெட் ஸ்பேஸ்

வஃப்ராவிலிருந்து வந்த வண்டியில்
முதலில் இறங்கியது வாடை,
பூண்டும் மண்ணெண்ணெயும் கலந்தாற்போல.
பிறகு சேவுகன்.
சிவில் ஐடியின்படி வயது முப்பத்தொன்று.
கண்மணிகள் கடுகளவு.
கண்ணில் நீர், மூக்கில் நீர், வாயில் நீர்,
சட்டையைப் பிழிந்தால் ஒரு குவளை தேறும்.
பாலைவனத்தின் நடுவில் ஒருவன்
தன் தண்ணீரிலேயே மூழ்கிக்கொண்டிருந்தான்.

மூடிய பாலித்தீன் கூடாரம். வெள்ளரி. மதியத்திலிருந்து மருந்தடிப்பு.
"கையுறை?" என்றேன்.
சூப்பர்வைசர் கூரையைப் பார்த்தார்.
"என்ன மருந்து?" என்றார் டாக்டர் ஹிஷாம்.
"பூச்சி மருந்து."
"பெயர்?"
"பூச்சி மருந்துதான் சார்."

நாகர்கோவிலில் படித்த புத்தகத்தில்
ஒரு பூட்டும் ஒரு சாவியும் வரைந்திருக்கும்.
அதை அப்படியே எழுதி மார்க் வாங்கினேன்.
ஒன்பது வருடமாகப் பார்க்கிறேன், பூட்டு இல்லை அது.
பூட்டு எந்தச் சாவிக்காகவும் நெளிந்து கொடுக்காது.
இது கட்டில்.
ஃபர்வானியாவில் பகலுக்கு ஒருவர் இரவுக்கு ஒருவர் என்று
வாடகைக்கு விடுவார்களே, அந்தக் கட்டில்.
படுப்பவர் இடுப்புக்குத் தக்கபடி
மெத்தை குழியும்.

நரம்பின் நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் வரும்.
ஒரு கணம் படுக்கும்.
சுரப்பியில் படுத்தால் 'சுர' என்னும்,
தசையில் படுத்தால் 'சுருங்கு' என்னும்.
எழுந்ததும் வெட்டிப்போட வாசலில் ஒரு நொதி,
நொடிக்கு ஆயிரக்கணக்கில், களைப்பறியாமல்.
அதன் கையைத்தான்
பூச்சி மருந்து பிடித்துக்கொண்டது.
இனி வந்தவர் எவரும் போவதில்லை.
சுர சுர சுர சுர

அட்ரோபின் ஏற்றினேன்.
அது யாரையும் வெட்டாது.
காலியாகும் கட்டிலில் முந்திப் படுத்துக்கொண்டு
ஒரு வார்த்தை பேசாமல் கிடக்கும்.
ஐந்து நிமிடம். நெஞ்சில் குழாயை வைத்தால்
உலை கொதிக்கும் சத்தம்.
இரட்டிப்பு.
ஐந்து நிமிடம். இன்னும் கொதிக்கிறது.
இரட்டிப்பு.
உடைத்த ஆம்பூல்களை எண்ணுவதை
மரிசெல் நிறுத்திவிட்டாள்.

நெஞ்சு காய்ந்தது.
தோலுக்கடியில் தசைகள் மட்டும்
புழுக்கூடைபோல் நெளிந்தன.
அங்கே கட்டில்களின் அளவு வேறு,
அட்ரோபினுக்கு இடம் கிடையாது.

நொதியின் கையைப் பிரித்தெடுக்க இன்னொரு மருந்து உண்டு.
பெயர் தெரியாமலே ஏற்றத் தொடங்கிவிட்டோம்.
ஆனால் அந்தப் பிடிக்கு வயதாகும்.
ஒரு சிறு துணுக்கு உதிர்ந்துவிட்டால் இறுகிவிடும்,
அப்புறம் யாராலும் ஆகாது.
மெத்தில் வகை என்றால் நாலு மணி நேரத்தில் பாதி போச்சு.
எத்தில் என்றால் ஒன்றரை நாள்.
மணி பதினொன்று நாற்பது.

தோட்டத்தில் கூட வேலை பார்க்கும் நேபாளிப் பையன்
குப்பைத்தொட்டியைக் கவிழ்த்துத் தேடி
லேபிளைப் படமெடுத்து அனுப்பினான்.
பாதி கிழிந்த அரபி எழுத்து.
ஹிஷாம் விரல் வைத்துப் படித்தார்,
குர்ஆன் ஓதப் பழகும் பிள்ளைபோல, கூட்டிக்கூட்டி.
எத்தில்.
நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

மூன்று மணிக்கு சேவுகன் முகம் சிவந்து,
உதடு வெடித்து, எழ முயன்றான்.
மூளைக்குள்ளும் சில கட்டில்களை அட்ரோபின் பிடித்திருந்தது.
காற்றில் வெள்ளரி பறிக்கத் தொடங்கினான்.
இலையை விலக்கி, காம்பைத் திருகி,
ஒவ்வொன்றாய் என்னிடம் நீட்டினான்.
வாங்கி வைத்தேன்.
"பிஞ்செல்லாம் தனியா வைங்க" என்று அதட்டினான்.
தனியாக வைத்தேன்.

காலையில் சூப்பர்வைசர் கேட்டார்:
"எப்ப வேலைக்கு வருவான்?"
பிடிபட்டதில் மிச்சத்துக்கு உடம்பு புதிதாய் நெய்ய வேண்டும்,
வாரக்கணக்கில் ஆகும் என்றேன்.
அதைச் சீட்டில் எழுதித் தரச் சொன்னார்.

ஹாஸ்டலில் திரையை இழுத்துவிட்டுப் படுத்திருக்கிறேன்.
தூக்கம் வரவில்லை.
அது படுக்க வேண்டிய இடத்தில்
ஐந்து மணிக்குக் குடித்த கரக் சாயா
கால் நீட்டிக் கிடக்கிறது.
எழுந்திருக்கட்டும்,
அவசரமில்லை.
கையில் இன்னும்
வெள்ளரியின் சுணை.