இருபத்திரண்டு

காசிமேட்டுப் பெட்டியில் ஐஸுக்கடியில்
மக்கான் மார்க்கெட் வரை வந்துவிட்டது,
முழநீளச் சுறா, உடம்பெல்லாம் பழுப்பு வரி.

ஓடிக்கொண்டே இருந்தால்தான் மூச்சு
பல சுறாக்களுக்கு.
இது கடலடியில் பாறையோரம் படுத்தபடி
வாயால் நீர் இழுத்துச் செவுளால் விடுகிற சாதி.
தண்ணீர் வற்றினாலும்
கொஞ்ச நேரம் தாங்குமாம்.

நைட் டியூட்டி முடித்து வந்தவள்
பழக்கதோஷத்தில் எண்ணிவிட்டேன்.
ஐந்து பிளவும் திறந்து மூடுவது
நிமிடத்துக்கு இருபத்திரண்டு.
எட்டாம் பெட்டில் மெஷின் ஊதுவதைவிட
ஆறு அதிகம்.

"தோல உரிச்சிடவாக்கா? பிள்ள பெத்தவளுக்கு நல்லது."
முஷ்தாக் கத்தி தீட்டுகிறான்.

அந்தப் பக்கம் பாலாறு.
மணல்தான்.
கடலுக்கு மூன்று மணி நேரம்.

"நெத்திலி கால் கிலோ போடு."

அதை ஓரமாய்த் தள்ளிவிட்டு
தராசை எடுக்கிறான்.
பத்தொன்பது.