பதினாறு பக்கம்

வால்திவியாவில் மழை நிற்கிற மாதம்
என்று ஒன்று உண்டாம்.
நான் பார்த்ததில்லை.

டயர்க் கடையாக இருந்த இடம் எங்கள் பதிப்பகம்.
ரப்பர் வாடை இன்னும் போகவில்லை;
புதுப் புத்தகத்தை முகர்கிறவர்கள்
ஒரு கணம் யோசிக்கிறார்கள்.

இந்த வருடம் நான்கு.
பாசிகளைப் பற்றி ஒன்று, அதுதான் சோறு போடுகிறது.
துறைமுக வேலைநிறுத்தம்,
வழக்கு வருமென்று பயந்துகொண்டே போட்டது.
தேனீக்களின் நோய்கள்.
அப்புறம், எதுவினாவின் பிடிவாதத்தால் ஒரு நாவல்:
படகோட்டியின் விதவை, முந்நூறு பக்கம்,
யாரும் யாரையும் தொடுவதே இல்லை.

பைண்டர் நிபால்தோ
மகளுக்குக் காய்ச்சலான இரவில்
பாதித் தூக்கத்தில் அடுக்கினான்.
நாவலின் நடுவில் தேனீ நோய், பதினாறு பக்கம்.
நாற்பது பிரதி போய்விட்டது.

எதுவினா திட்டவில்லை.
நாற்பது மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தாள்.
ஒன்பதாவதில் போன்.

சிலோயே தீவிலிருந்து சுனில்தா என்றொரு பெண்:
"செத்த புழுவைத் தீக்குச்சியால் தொட்டால்
நூலாக இழுபடும் என்கிறாளே,
இருட்டி, எல்லாத் தேனீயும் வீடு திரும்பிய பிறகு
கூட்டோடு எரித்துவிட வேண்டும் என்கிறாளே,
அங்கேதான் அழுதேன்.
அவள் எப்போது தேனீ வளர்க்கத் தொடங்கினாள்?
முன்னால் எங்காவது நான் விட்டுவிட்டேனா?"

எதுவினா ரிசீவரைப் பொத்திக்கொண்டு
என்னைப் பார்த்தாள்.
கணக்கு நோட்டில்
நஷ்டம் என்று எழுதிய வரியில்
என் விரல் இருந்தது.

"இல்லை," என்றாள் போனில்,
"நீங்கள் எதையும் விடவில்லை."

நாவலாசிரியரிடம் இன்னும் சொல்லவில்லை.
வியாழக்கிழமை வருகிறார்,
கையெழுத்துப் போட.
பேனா வாங்கி வைத்திருக்கிறேன்.