அழுத்திய விரல்

ஆயிரத்து இருநூறு டாலரைத் தொட்டால்
இயந்திரம் தானாகப் பூட்டிக்கொள்ளும்.
உச்சியில் விளக்கு சுழலும்.
சாவியும் ரேடியோவுமாக நான் போக வேண்டும்.
உள்ளே பகலா இரவா யாருக்கும் தெரியாது,
எனக்குத் தெரியும், குதிகால் வலியை வைத்து.

டேவன்போர்ட். ஜனவரி.
மிசிசிப்பியில் பனிப்பாளங்கள் உரசும் சத்தம்
கார் நிறுத்துமிடத்தோடு நின்றுவிடும்.
காட்டெருமைப் படம் போட்ட இயந்திரம்
எட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு
எட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு
என்று மின்னி மின்னிக் கூப்பிட்டது.

முன்னால் இரண்டு பேர்.
டிராக்டர் கம்பெனித் தொப்பி போட்ட கிழவர்,
விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிப்போனவை.
பக்கத்து நாற்காலியில், பேருந்து வரும்வரை
குளிருக்கு ஒதுங்கியவள்போல் ஒரு பெண்,
கோட்டைக் கழற்றவேயில்லை.

வாழ்த்துகள் என்றேன். அது முதல் வரி,
சொல்லாவிட்டால் சம்பளத்தில் கை வைப்பார்கள்.

பணம் போட்டது யார் என்று நான் கேட்பதில்லை.
யாருடைய ராசி, யாருடைய பிறந்தநாள்,
யாரைக் கூட்டிக்கொண்டு யார் வந்தது,
எதுவும் எனக்கு வேண்டாம்.
விதியில் ஒரே கேள்வி:
பொத்தானை அழுத்தியது யார்?

இந்தக் கேள்விக்கு
தேனிலவுத் தம்பதி கைகலந்ததைப் பார்த்திருக்கிறேன்.
அண்ணனும் தம்பியும் ஒரே விரலைத்
தன் விரல் என்று சாதித்ததையும்.
ஒன்பது வருடமாக
'நான்தான்' என்ற ஒரு சொல்லை
எல்லாச் சுருதியிலும் கேட்டவள் நான்.

"அவர்" என்றாள் அவள்.
"அவங்க" என்றார் அவர்.

இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.
இயந்திரம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

"அடையாள அட்டை?"
அவர் கை சட்டைப்பைக்குள் போனது, வெளியே வரவில்லை.
அந்தக் கையை எனக்குத் தெரியும்.
என்னை இனி உள்ளே விடாதீர்கள் என்று
நல்ல நாளொன்றில் தாமே எழுதிக் கொடுத்தவர்களுக்கு
ஒரு பட்டியல் இருக்கிறது.
அதில் பெயர் உள்ளவர் ஜெயித்தால்
ஜெயித்தது அவருடையதல்ல.
தோற்றால் மட்டும்
தோற்றதுதான்.

அவள் என் காதருகில் வந்தாள்.
"வங்கியில் இரண்டாயிரத்துக்கு மேல் நின்றால்
உதவித்தொகை நின்றுவிடும்.
இன்சுலினும் அதோடு போகும்.
அவர் கை நடுங்கியது,
அழுத்திக் கொடு என்றார்,
அழுத்தினேன். அவ்வளவுதான்."

கேமரா அறையிலிருந்து பேசில், ரேடியோவில், கொட்டாவியோடு:
"பெண். வலது கை. ஆள்காட்டி விரல்.
பதினொன்று நாற்பத்திரண்டு."

அவள் தன் விரலைத் திருப்பிப் பார்த்தாள்,
அடுப்பில் சுட்டுக்கொண்டதுபோல.
கழிப்பறை எங்கே என்றார் கிழவர்.
காட்டினேன்.
வாசல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் போனார்.
நான் குனிந்து படிவத்தில் தேதி எழுதினேன்.
எழுத அதிக நேரம் எடுத்துக்கொண்டேன்,
அதற்கு விதி எதுவும் இல்லை.

பெயர், லூவெட்டா ஸ்ட்ரூப்.
சமூகப் பாதுகாப்பு எண்ணை
அட்டையைப் பார்க்காமல் ஒப்பித்தாள்,
அத்தனை ஜன்னல்களின் முன்னால் நின்று சொன்ன எண்.
"வரியை இப்போதே பிடிக்கட்டுமா?" என்றேன்.
"எல்லாவற்றையும் பிடிக்க முடியுமா?" என்றாள்.

சாட்சிக்கு ஒரு காவலர் வர,
உரக்க எண்ணினேன்.
எண்பத்து நான்கு நூறு, ஒரு பத்து, இரண்டு ஒன்று.
அவள் உதடும் கூடவே எண்ணியது.
எண்பதுக்கு மேல் நிறுத்திவிட்டாள்.

சாவியைப் போட்டுத் திருப்பினேன்.
விளக்கு அணைந்தது, காட்டெருமைகள் ஓட ஆரம்பித்தன.
திரையின் மூலையில், அவர் போட்ட இருபதில் மிச்சம்
ஆறு டாலர் நாற்பது சென்ட்.

"இது?"
திரும்பி வந்தால் அவருடையது என்றேன்,
வராவிட்டால் அதற்கும் ஒரு படிவம் உண்டு.

அடுத்த ஆட்டத்துக்குப் பொத்தான்
சிவப்பாகத் துடித்துக்கொண்டிருந்தது.
லூவெட்டா இரண்டு கைகளையும்
கோட்டுப் பைகளுக்குள் விட்டுக்கொண்டு
ஓரடி தள்ளி நின்றாள்.