மான் தின்ற பக்கம்

லீவு பதினாலு நாள்.
மட்டக்களப்பு பஸ்ஸிலிருந்து இறங்கியதுமே
கச்சான் காற்று என் பாவாடையைப் பிடித்துக்
கடல் பக்கம் இழுத்தது.
பையில் உடற்கூற்றியல், ஒரு செங்கல் பாரம்.
கையில் தம்பிக்கு வாங்கிய கச்சான் கொட்டை,
அதில் பாதி
கந்தளாய் தாண்டுமுன்னே நான் முடித்தது.

அட்டவணை ஒன்று எழுதினேன்.
காலை ஐந்திலிருந்து ஏழு, சிறுநீரகம்.
ஏழிலிருந்து ஒன்பது, இதயம்.
அம்மா அதைப் பிறிஜ் கதவில் ஒட்டினாள்.
மறுநாள் அதன் மேலேயே
தண்ணீர் பில்லையும் ஒட்டினாள்.

ஐந்து மணிக்கு மோட்டார் தானாக எழும்பாது.
தொட்டி நிறையும் வரை
பக்கத்தில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மதிலால் வழியும்.
ஆறு மணிக்குத் தம்பியின் சேர்ட்.
ஆறரைக்கு அம்மா சீனக்குடாவுக்குக் கிளம்புவாள்,
மா ஆலைக் கன்ரீனில் நாள் முழுக்க நிற்க.
இதயத்துக்கு நான்கு அறைகள்,
எங்கள் வீட்டுக்கு இரண்டு.
இரண்டையும் கூட்டி முடிக்க எட்டரை.

பின்னேரம் அல்போன்ஸ் அங்கிள்
சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே வருவார்.
"நேர்ஸ் பிள்ளை, பிறசரை ஒருக்காப் பார்."
எண்ணைச் சொன்னால் கோபம்.
நூற்றறுபதை
நான்தான் அவருக்குக் கொடுத்தேன் என்பது போல.

ஸிம்னா கிண்ணியாவிலிருந்து வருவாள்,
நானாவின் மோட்டார் சைக்கிளில், பாலம் கடந்து,
சேர்ந்து படிக்கலாம் என்று வீட்டில் சொல்லிவிட்டு.
டச்பேயில் தம்பியை நெஞ்சு வரை மணலில் புதைத்து
எலும்பு எலும்பாகப் பெயர் சொன்னோம்.
விலாவில் ஏழாவதைத் தொட்டபோது அவன் கத்தினான்:
"என்னைப் பொடியாக்காதேங்கோ, எனக்குப் பசிக்குது!"

வலையின் அந்தப் பக்கம் பெடியன்கள் பந்தடித்தார்கள்.
"நல்ல வடிவு, என்ன?" என்றாள் ஸிம்னா, மெதுவாக.
நானும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்,
முன்கையில் புடைத்து ஓடிய நாளத்தை.
ஒரே குத்தில் ஊசி ஏறும்.
இனி ஒருவரையும் சும்மா பார்க்க முடியாதா எனக்கு?

செருப்பை வைத்து அழுத்திய கொப்பியிலிருந்து
ஒரு தாளை மான் இழுத்தது.
ஊர் மான். பயமில்லை, வெட்கமுமில்லை.
நாங்கள் கூச்சலிட்டு ஓட
எங்களைப் பார்த்தபடியே மென்றது
திரவச் சமநிலை, பக்கம் அறுபத்திரண்டு:
உடலுக்குள் போனது எவ்வளவு,
வெளியே வந்தது எவ்வளவு,
மிச்சம் எங்கே தேங்கி நிற்கிறது.

அன்றிரவு அதை நினைவிலிருந்து எழுத உட்கார்ந்தேன்.
கரண்ட் இல்லை. போன் வெளிச்சம்.
கீழே பாயில் அம்மா,
கால் என் கதிரையின் பக்கம்.
வெளிச்சம் அவள் கணுக்காலில் விழுந்தது.
ஏனோ பெருவிரலால் அழுத்தினேன்.
குழி விழுந்தது.
எண்ணினேன், பத்து, பதினைந்து.
குழி அங்கேயே இருந்தது.

"என்னடி?" என்றாள், கண் திறக்காமல்.
"சும்மா."
"சும்மா எண்டால் படி."

தண்ணீர் பில்லின் பின்பக்கத்தில் கோடு கீறினேன்.
அம்மா, உள்ளே: பிளேன்ரீ இரண்டு,
கன்ரீனில் மிஞ்சிய சொதி,
தண்ணீர், மாத்திரை விழுங்குகிற அளவு.
வெளியே என்ற பக்கம்
அவளிடம் கேட்க வெட்கமாயிருந்தது.
வார்ட்டில் இருபது பேரிடம் கேட்டிருக்கிறேன்.

வியாழக்கிழமை கிளினிக். இலக்கம் எழுபத்தொன்று.
வாங்கில் பக்கத்திலிருந்தவரிடமெல்லாம் சொன்னாள்:
"மகள் லீவில நிக்கிறாள், அதான் வந்தனாங்கள்,
எனக்கு ஒண்டுமில்லை."
மாத்திரை எழுதினார்கள். இரத்தம் எடுத்தார்கள்.
அவளுடைய நாளம் மூன்று தரம் வழுகியது.
நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்து ரோட்டைத் தாண்டினால் கடல்.
பன்னிரண்டு மணி வெயில். ஒருவருமில்லை.
நேரே வீட்டுக்குப் போவாள் என்றுதான் நினைத்தேன்.
செருப்பை என் கையில் தந்துவிட்டு
சேலையைத் தூக்கிப் பிடித்து இறங்கினாள்.
"டொக்டர் என்ன சொன்னவர்?
உப்பைக் குறைக்கச் சொன்னவரோ?"
கணுக்கால் மறையும் வரை போய் நின்று
சிரித்தாள்.