மூன்று மூட்டை நெல்

முற்றத்துச் சீமெந்தில் கரிக்கட்டியால் கீறினேன்:
தலை பருத்து, வால் ஒடுங்கிய
ஒரு துளி.
இரண்டு பேர் படுக்க,
பழைய ஜீப்புக்குப் பின்னால் இழுக்க.
"கத்தரிக்காயோ?" என்றான் கனிஸ்டன்,
வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி.

உடைந்த திறீவீலின் பின்கால் இரண்டு,
ஒன்றரை அங்குலப் பெட்டி இரும்பு,
நனைத்து வளைத்து
இரவு முழுக்கக் கயிற்றில் கட்டிவைத்த பிளைவுட்.
அவன் கேட்டதெல்லாம் இன்னொரு குறுக்குக் கம்பி.
குடும்பிமலைப் பாதையில
பள்ளம் பாத்திருக்கியா என்பான்.
கம்பி ஒன்றரைக் கிலோ என்பேன்.
கதவுக் கொளுக்கியைக்கூட
நிறுத்துத்தான் பூட்டினேன்.

இஸ்ஸதீன் காக்காவின் நெல்லுத் தராசில்
சக்கரம் சக்கரமாய் ஏற்றினோம்.
நூற்றித் தொண்ணூற்றாறு.
"மூணு மூட்டைக்கா
இவ்வளவு கூத்து?"

வெள்ளி விடியப் புறப்பட இருந்தோம்.
வியாழன் இரவே
கிரான் பாலம் தண்ணிக்குள் போனது.
விடிய,
முற்றத்தில் அது இல்லை.

வேலிக்கு மேலால் போய்
பக்கத்து வளவு முருங்கையில் மூக்கை முட்டி
மெல்லக் கிறுகிக்கொண்டு நின்றது,
கூரையில் இரண்டு கோழி.

இடுப்பளவு தண்ணிக்குள் நின்று
கனிஸ்டன் சிரித்தான்.
"நல்லகாலம், அந்தக் கம்பி வைக்கல்ல."

பாதி உடம்பை உள்ளே நுழைத்து
மெத்தையைத் தடவினேன்.
காய்ந்திருந்தது.
இடது சக்கர வளைவில் மட்டும்
ஒரு திருகாணி ஓட்டை
(சிலிக்கன் பூச மறந்தது நான்தான்)
நூல்போலக் கசிந்தது.
பெருவிரலால் பொத்திக்கொண்டு
கூப்பிட்டேன்:
டேய், என்னத்தையாவது கொண்டா.