மூலம்

பரேலில், மழைத் தண்ணீர் இன்னும் எட்டாத
ஓர் அடித்தளத்தில்
உலகம் செய்துகொண்டிருக்கிறேன்.
பக்கத்துக்கு மூன்று மீட்டர். உள்ளே காற்று.
எல்லை தாண்டும் எதுவும்
அத்தோடு செத்ததாகக் கணக்கு.

நடுவில் ஒரு தண்ணீர்ப் பெட்டி,
எந்தப் பக்கமும் முப்பது சென்டிமீட்டர்.
அதுதான் ஆள்.
மார்பு கிடையாது, முதுகு கிடையாது,
சட்டையைக் கழற்றச் சொன்னால் கூசுவது கிடையாது.
விலா எலும்பை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்
என்கிறாள் ஷர்வரி,
டப்பாவிலிருந்து ஆறிய போஹாவைத் தின்றபடி.

பிறகு மூலம்.
இந்தச் சொல்லைத் தட்டும்போதெல்லாம்
விரலில் ஒரு சின்னத் தயக்கம்.

வகை: காமா.
ஆற்றல்: ஒன்று புள்ளி ஒன்று ஏழு,
ஒன்று புள்ளி மூன்று மூன்று,
சரிபாதி. கோபால்ட்டின் வழக்கம் அது.
வடிவம்: தட்டு, ஒரு ரூபாய்க் காசின் அகலம்.
இடம்: தண்ணீருக்கு எண்பது சென்டிமீட்டர் மேலே.
திசை?
எல்லாப் பக்கமும் என்று விடுவதுதான் நிஜம்.
நூற்றில் ஒன்றுதான் பெட்டியைத் தொடும்,
மிச்சமெல்லாம் எங்கெங்கோ போய்
கம்ப்யூட்டரின் ராத்திரியைத் தின்னும்.
அதனால் கூம்பு.
அதனால் ஒரே பக்கம்.

விதை எண் கேட்டது.
தற்செயலுக்கும் ஒரு விதை வேண்டும்.
அதே எண்ணைக் கொடுத்தால்
அதே தற்செயல், ஒரு துளி பிசகாமல்,
திரும்ப நடக்கும்.
நாலு பதினேழு என்று கொடுத்தேன்.
சயான் ஆஸ்பத்திரியில் நான் பிறந்த நேரம்.

அதை வைத்துத்தான்
முலுண்டிலிருந்து வந்தவர்கள்
காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள்.
பெண் மூலம் நிர்மூலம் என்று
ஒருவர்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை.
பையனின் அப்பா மட்டும்
பைபாஸ் ஆன நெஞ்சை
சட்டைக்கு மேலாக ஒருமுறை
தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஒரு கோடி துகள்கள்.
ஓடவிட்டுக் கடைசி லோக்கலைப் பிடித்தேன்.

காலையில் பூஜ்யம்.
தண்ணீரின் எந்தக் கட்டத்திலும்
பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.
ஒன்றும் எரியவில்லை. ஒன்றும் உடையவில்லை.
பிழை என்றுகூடத் திரையில் இல்லை.
சொன்னதைச் செய்துவிட்டு
அமைதியாக உட்கார்ந்திருந்தது.

பத்தரைக்கு ஷர்வரி கண்டுபிடித்தாள்:
திசையில் மூன்றாவது எண்ணுக்கு முன்னால்
ஒரு கழித்தல் குறி இல்லை.
ஒரு கோடியும் மேலே போயிருக்கின்றன,
கீழே ஓர் ஆள் படுத்திருப்பதே தெரியாமல்.
"உன் சோர்ஸுக்கு ரொம்ப வெட்கம்" என்றாள் ஹிந்தியில்.

சிரித்தேன்.
வெளியே நடைபாதையில்
நீலத் தார்ப்பாய்க்கு அடியில்
ராம்ரதி காத்திருக்கிறாள், ஜௌன்பூர், நாற்பத்தொன்பது.
தண்ணீர்ப் பெட்டி அவளுக்காகத்தான்
என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை,
சொன்னால் என்ன நினைப்பாளோ.
எலுமிச்சை அளவு ஓர் இடம், இடப்பக்கம்.
அதற்கு வேண்டியது
அந்தப் பழமொழியின் இரண்டாவது சொல்தான்.
வேரோடு.

ஒரு கோடு இழுத்தேன். சின்னக் கோடு.

மத்தியானத்துக்கு மேல் வரைபடம் வந்தது:
தோலுக்குக் கீழே அரை சென்டிமீட்டரில் மேடு,
பிறகு ஆழம் போகப் போக இறக்கம்,
புத்தகத்தில் இருக்கிற மாதிரியே.
விதையை மாற்றி இன்னொரு தரம் ஓட்டலாமா என்றாள்.
எண் மாறினாலும் கோடு மாறாது,
ஓரத்து நடுக்கம்தான் மாறும்
என்று இருவருக்கும் தெரியும்.
மாற்றினேன். மாறவில்லை.

ஃபைலின் பெயரைப் படித்துவிட்டுக் கேட்டாள்:
"மூலம்னா என்ன?"
"சோர்ஸ்தான். வேறென்ன."
"ஓ. மராட்டியில் மூல் என்றால் குழந்தை."

பிரிண்டரில் தாள் தீர்ந்திருந்தது.
எடுத்துவர எழுந்தவள்
கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.